இயர்போனுக்கு மார்க் போடுகிறவன்

குறைந்த விலை இயர்போன் விற்கிறவனுக்குப் பாதி வேலை கண்ணை மூடிக்கொண்டுதான். அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் என் கடை. புது மாடல் வந்தால், ஆள் வராத மத்தியானத்தில் ஒரே பாட்டை ஒவ்வொன்றிலும் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுவைப்பேன். கேட்கக் கேட்கக் கடையே மெல்ல மிதக்கும். இதே தொழிலில் இருக்கிறவர்களே, சரியாக அந்த நேரம் பார்த்துத்தானே ஆட்கள் வருவார்கள்?

ஜன்னல் சீட்டு

தினமும் ஜெயங்கொண்டத்துக்கு பஸ்ஸில் போய்வரும் நர்ஸ் ஒருவர் வந்தார். தாளம் அதிர்கிற பேஸ் எதில் நன்றாக இருக்கும், குரல் எதில் தெளிவு என்று விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எது காதை விட்டு விழாது என்று மட்டும் விசாரித்தார். போட்டுக் காட்டலாம் என்று பாட்டைத் தேடினேன்.

"பாட்டெல்லாம் வேணாங்க. இது காதுல இருந்தா பக்கத்து சீட்டுல யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க. வெளிய பாத்துக்கிட்டே போயிடுவேன்."

வலது பக்கம்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிரில் மெஷின் ஓட்டுகிற செல்வராசு அண்ணன், வாங்கின மறுநாளே வந்து வலது பக்கம் கேட்கவில்லை என்றார். மாற்றிக் கொடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதைப் பிரித்தேன். எனக்கு மூன்றுமே நன்றாகக் கேட்டன. ஏதோ தோன்றி, வலது பக்கத்தை எடுத்து அவருடைய இடது காதில் வைத்தேன். பாட்டு வந்துவிட்டது.

காது டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தார். போனது திரும்பாதாம்; இருக்கிறதைக் காப்பாற்ற டிரில்லை விட்டு லாரிக்கு மாறிவிட்டாராம்.

"நீ பாட்டுக்கு மூணாவதையும் மாத்திக் குடுத்திருந்தா, நான் இன்னும் இயர்போனத்தான் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

நாற்பது குரல்

ஏலாக்குறிச்சிப் பக்கத்து டீச்சர் ஒருவர். கணவர் தவறி ஒரு வருஷம். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடினவர். மிஞ்சியது போனில் ஒரே பதிவு, அதுவும் நாற்பது பேர் சேர்ந்து பாடினது. அதில் அவர் குரல் தனியாகக் கேட்குமா என்றார் டீச்சர்.

நான் ஒன்பது மார்க் போட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். தபேலா நெஞ்சில் இடித்தது, குரல்கள் முங்கிப்போயின. கடைசியில், பேஸே இல்லையென்று நாலு மார்க்கோடு ஒதுக்கின ஒன்றை ஒப்புக்கு நீட்டினேன். மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். வெளியே பஸ் வந்தது, போனது. சிமெண்ட் லாரி கிளப்பின வெள்ளைப் புழுதி வெயிலில் மெதுவாக இறங்கியது. அவர் அசையவில்லை. பிறகு ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"இந்த எடத்துல கேளுங்க தம்பி. எல்லாருக்கும் அரை மூச்சு முன்னாடி ஒருத்தர் ஆரம்பிச்சிடுறாரு பாருங்க, அவருதான். வூட்டுலயும் அப்படித்தான்."

பாட்டுக் கேட்பதற்காகவும் சிலர் இயர்போன் வாங்கத்தான் செய்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை.