பழனியப்பன் சித்தப்பா புதுசு வாங்கப் போன கதை

காப்பார் பக்கம் இஞ்சின் தேடிப் போகிறவர்களுக்கு என் சித்தப்பா பழனியப்பனைத் தெரிந்திருக்கும். ஜப்பானில் ஓடி முடித்த கார்கள் பாதியாக அறுக்கப்பட்டுக் கண்டெய்னரில் வந்து இறங்கும் கடை. போத்தோங் கடை, அதாவது வெட்டுக் கடை, என்பார்கள். இருபத்தேழு வருடமாக அங்கே அவர்தான் போர்மன். முன்பாதிக் கார்கள் மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாகக் கிடக்கும். நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கழற்றிய இஞ்சினை ஒரு பேட்டரியோடும் ஒரு போத்தல் பெட்ரோலோடும் இணைத்து உறுமவிட்டுக் காட்டுவார்.

தயங்குகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு பேச்சு உண்டு.

"புது இஞ்சின் எப்படி ஓடும்னு செஞ்சவனுக்கே தெரியாது பாஸ். இது எம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் காட்டிட்டு வந்து நிக்குது. எதை நம்புவீங்க?"

வந்தவர் இஞ்சினோடுதான் திரும்புவார். சித்தப்பா வீட்டிலும் அப்படித்தான். கார், மோட்டார் சைக்கிள், ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாமே யாரோ வைத்திருந்து விட்டவை. எதுவும் ஒரு நாள் மக்கர் பண்ணி நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர், மகள் வாணிக்கு லேப்டாப் வாங்கினால் புதுசுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

வாணிக்குக் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் சேர வேண்டும். சித்தப்பா கையிலிருந்த பணத்துக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும்தான். ஆனால் கட்டடம் வரைகிற மென்பொருளை அது தாங்காது. அதே பணத்துக்குள், அலுவலகங்கள் மூன்று வருடம் வைத்திருந்து விட்ட திறன் மிக்க லேப்டாப் ஒன்று வாங்கலாம். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் மாடிக் கடையில் அதுதான் வியாபாரம். பெட்டி பெட்டியாக வரும். திறந்து துடைத்து, பேட்டரி மாற்றி, ஓட்டிப் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.

வியாழக்கிழமை வாணி அழைத்தாள்.

"அண்ணே, நாளைக்கு அப்பாவ உங்க கடைக்குக் கூட்டிட்டு வரேன். நீங்கதான் பேசணும்."

"நானா?"

"சரி, பேச வேணாம். சும்மா காட்டுங்க. போதும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். நல்ல சட்டை போட்டிருந்தார் சித்தப்பா. கல்யாணத்துக்கு வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முதலாளி திருச்செல்வம் நான் தயாராக வைத்திருந்த ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சித்தப்பா அதைத் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இத யாரு வச்சிருந்தது?"

"ஆபீஸ் மிஷின்ணே. பேட்டரி புதுசு. ஆறு மாசம் வாரண்டி."

"நல்லா இருந்தா ஏன் விட்டான்?"

"மூணு வருசம் ஆனா மாத்திடுவான்ணே. கம்பெனி பாலிசி." திருச்செல்வம் குரலை இறக்கினார். "புதுசு எப்படி ஓடும்னு யாருக்குத் தெரியும்? இது மூணு வருசம் ஓடிக் காட்டிருச்சு."

வாணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ப்பா, இது உங்க டயலாக் லா!"

"நீ சும்மா இரு. மொத மொதல்ல படிக்கப் போற புள்ள. அடுத்தவன் கை பட்டதக் குடுத்து அனுப்புவேனா?"

"நம்ம காரு மட்டும்?"

"அது ஜப்பான்காரன் கை. அவன் செருப்பக் கழட்டிட்டுத்தான் வண்டியிலயே ஏறுவான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? வண்டி சொல்லும்."

"அப்ப நீங்க சொல்ற புதுசுல நான் மூணாவது மாடி வரையறப்ப மொத மாடி ஹேங் ஆகித் தொங்கிக்கிட்டு நிக்கும். பரவால்லயா?"

சித்தப்பா வாசல் பக்கம் பார்த்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். வாணியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுபோய் என்னைப் பார்த்தாள். திருப்புளியை எடுத்தேன். இயந்திரத்தைக் கவிழ்த்துப் பத்துத் திருகுகளையும் கழற்றி, அடிமூடியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன.

குனிந்தார். "இது என்ன, ஃபேனா?"

"ஆமா சித்தப்பா, காத்தாடி."

"இந்தச் செம்புக் கொழாய்?"

"சூட்ட எடுத்துட்டுப் போகும்."

"ரேடியேட்டர்னு சொல்லு." சட்டைப் பையிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்று வெளியே வந்தது. நல்ல சட்டையிலும் அதை மறக்காமல் வைத்திருந்தார். நடுவே அடிக்கவில்லை. ஓரங்களில் அடித்தார், வயர் வளையும் இடங்களில், திருகுக் குழிகளில். "வெள்ளத்துல முங்குன வண்டிய எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? கழுவுறவன் கை போகாத எடத்துலதான் தண்ணி எழுதி வச்சிட்டுப் போயிருக்கும்."

வெளிச்சம் ஒரு மூலையில் நின்றது. நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார்.

"காப்பி."

"என்னது?" என்றார் திருச்செல்வம்.

"காப்பி குடிச்சிருக்கு. சீனி போட்டது."

நான் பார்த்தேன். ஒரு வயர் நுழையும் இடத்துக்கு அடியில், கடுகளவு பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்த இயந்திரத்தை இரண்டு நாளுக்கு முன் நான்தான் துடைத்தேன். பச்சை ஸ்டிக்கரும் என்னுடையதுதான். காது மடல் வரை சூடாகியது. திருச்செல்வம் என் பக்கம் திரும்பிய வேகத்தில் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

வாணிக்கு முகம் விழுந்துவிட்டது. மெதுவாகத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி நேராகப் பேரங்காடி, புதுப் பெட்டி, தொங்கும் மாடி.

ஆனால் சித்தப்பாவின் முகத்தில் மகிழ்ச்சி தாளவில்லை. சட்டையின் இரண்டு முழுக்கைகளும் மடிந்து மேலே ஏறின.

"அடுத்தத எடு."

"அண்ணே?"

"எடுங்க பாஸ். எத்தன இருக்கு?"

ஆறு இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் திருகு ஒன்று வேறு நிறம். "எவனோ முன்னயே கை வச்சிருக்கான்" என்று ஒதுக்கினார். ஒன்றை ஓடவிட்டுக் காதை வைத்தவர், "ஃபேன் இருமுது" என்றார். ஐந்தாவதில் வெகுநேரம் டார்ச் அடித்தார், குறை எதுவும் கிடைக்கவில்லை. மூடச் சொல்லி, வாணியிடம் தள்ளினார்.

"உன் கட்டடத்தக் கட்டு பாப்போம்."

மென்பொருளை ஏற்றிக் கொடுத்தேன். அவள் தன் மாதிரி வீட்டைத் திறந்து சுற்றினாள். மேலே போனாள், கூரையைத் தூக்கினாள், ஜன்னல்களை இடம் மாற்றினாள். சித்தப்பா திரையைப் பார்க்கவே இல்லை. காற்று வரும் துளைக்கு நேராக உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார். அரைமணி நேரம். இடையில் ஒரு முறை மட்டும், யாரிடம் என்றில்லாமல், "ஒண்ணுந் தெரியாத சாமான்னா பயமாதான் இருக்கு, புதுசுன்னா கெட்டாலும் செஞ்சவன் தலையில போட்டுரலாம்ல" என்றார்.

கையை எடுத்தார். "ரொட்டிக் கடை கல்லு மாதிரி ஒரே சூடு. ஏறல, எறங்கல. இதுதான்."

"ப்பா, நெஜமா?"

"போலே, எடுத்துக்கலாம். ஆனா ஸ்டிக்கர உங்கண்ணன் ஒட்ட வேணாம், நானே ஒட்டறேன்."

அதற்குள் கடையில் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். வாங்க வந்த ஒரு பெண்மணி, தான் தேர்ந்தெடுத்ததைச் சித்தப்பா முன்னால் நீட்டினார். "அங்கிள், இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

டார்ச் மறுபடி எரிந்தது. திருச்செல்வம் அவசரமாக ஒரு தோள்பையையும் சுட்டியையும் எடுத்து வாணி கையில் திணித்தார். "எல்லாம் ஃப்ரீ. அண்ணே, பார்க்கிங் டைம் முடிஞ்சிருக்கும் லா, கெளம்புங்க!"

வாணி பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி, கீழிருந்து இரண்டு முறை கூப்பிட்டும்விட்டாள். சித்தப்பா முக்காலி ஒன்றைக் காலால் இழுத்துப் போட்டார்.

"வரேன் வரேன்" என்று படிப்பக்கம் குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினார். "அந்தத் திருப்புளியக் குடு."