மாஸ்டர் தொடாத தலை

எங்கள் தெரு முனையில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாளைக்கு முப்பது தலைகளாவது அவர் கைக்கு வரும். வாய் ஓயாமல் பேசும், கை தப்பாது. அப்படிப்பட்டவரின் வீட்டிலேயே ஒரு தலை இருந்தது. அதைத் தொட மட்டும் அவருக்கு அனுமதி இல்லை.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரி எட்டு வயது வாலு. சேட்டையைப் பார்த்து மாஸ்டரின் மனைவி வைத்த பெயர் அது. வாலுவைப் பெற்றவள் உடம்பும் மனசும் தேறுவதற்காக ஒரு சிகிச்சை இல்லத்தில் இருந்தாள். அவள் தேறி வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, குழந்தைகள் நல அலுவலகம் மாஸ்டர் வீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதற்காக மாஸ்டரும், பேருந்து ஓட்டுநரான அவர் மனைவியும் மூன்று மாதம் சனிக்கிழமைப் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். மருந்துப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஜன்னலுக்குக் கம்பி வைத்தார்கள். அலுவலகம் கொடுத்த விதிப் புத்தகத்தில் பதினோராவது விதி: தாயின் கையெழுத்து இல்லாமல் பிள்ளையின் முடியை வெட்டக் கூடாது.

"என்ன மாஸ்டர், ஊர்த் தலையெல்லாம் பளபளக்குது, உங்க வீட்டுப் பொண்ணு கண்ணு முடிக்குள்ள தொலைஞ்சு போச்சே!" என்று முடிவெட்ட வரும் எலெக்ட்ரீஷியன் கிண்டல் செய்வார்.

"தலைய ஆட்டாம உக்காருங்க. காது போனா நான் பொறுப்பில்ல."

கிண்டலை மாஸ்டர் தாங்கிக்கொள்வார். வாலுவால்தான் முடியவில்லை. பள்ளியில் நீச்சலில் சேர்ந்திருந்தாள். இடுப்பு வரை வளர்ந்த முடி ரப்பர் தொப்பிக்குள் அடங்க மறுத்தது. மாஸ்டர் இரண்டு முறை தாய்க்கு எழுதிக் கேட்டார். இரண்டு முறையும் ஒரே சொல்லில் பதில்: வேண்டாம்.

"அவங்க கையில மிச்சமிருக்கிற அதிகாரம் அது ஒண்ணுதானே. விடுங்க," என்றாள் மனைவி. மாஸ்டரும் விட்டுவிட்டார்.

வாலு விடவில்லை. தாய் மாதம் ஒருமுறை பிள்ளையைச் சந்திக்கும் நாளுக்கு முந்தைய நாள் மாலை, மாஸ்டர் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில், அவருடைய நல்ல கத்திரியை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்துவிட்டாள். அவர் உள்ளே வந்தபோது இடப்பக்கம் காதோடு போயிருந்தது. வலப்பக்கம் இடுப்பில் தொங்கியது.

"மாமா, கோவமா?"

"கோவமில்ல கண்ணு. எனக்கு நெஞ்சுதான் கொஞ்சம் அடைக்குது."

பணி முடிந்து வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ! நாமதான் வெட்டினோம்னு அவங்கம்மா நெனைக்க மாட்டாங்களா?"

"என்னைப் பாத்தா இப்படி வெட்டுறவன் மாதிரியா இருக்கு?"

"உங்க மானத்தப் பத்தி அப்புறம் பேசலாம். பிள்ளைய வேற வீட்டுக்கு மாத்திட்டாங்கன்னா?"

அதுதான் பயம். வாலு ஏற்கெனவே இரண்டு வீடு மாறி வந்தவள். தாய் புகார் எழுதிக் கொடுத்தால் மூன்றாவதும் மாறலாம்.

மாஸ்டரின் கை தானாகச் சீப்பை எடுத்தது. ஐந்து நிமிடம் போதும், அழகாகச் சரிசெய்துவிடலாம். ஆனால் கையெழுத்து இல்லை. சீப்பை வைத்துவிட்டு குழந்தைகள் நல அலுவலருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"நீங்க தொட்டீங்களா?"

"ஒரு முடியக்கூடத் தொடலம்மா."

"அப்ப அப்படியே கூட்டிட்டு வாங்க."

மறுநாள் பத்து மணி. அலுவலகச் சந்திப்பு அறையில் ஒரு நீள மேசை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், மூடியில்லாத கலர் பென்சில் டப்பா. தாய் உள்ளே வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அங்கேயே நின்றாள். மாஸ்டரின் மனைவி மாஸ்டரின் விரலை நெரித்த நெரிப்பில் அவருக்கு உயிர் போனது.

"நான்தான் வெட்டினேன்," என்றாள் வாலு. "அத்தை தொடல. மாமாவும் தொடல. மாமா கை பரபரன்னு இருந்துச்சு, அப்பவும் தொடல."

"ஏண்டி?"

"தொப்பிக்குள்ள போகலம்மா. எங்க வகுப்புல நான்தான் ரெண்டாவது வேகம். முடி போனா முதல் வேகம்."

தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அலுவலர் எழுந்தார். இல்லை, சிரிப்பு. அந்த அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு மாஸ்டரைக் கேட்டாள்: "உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலைதானே. சரி பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"நீங்க வேண்டாம்னு எழுதியிருந்தீங்க."

அவள் வெகுநேரம் பிள்ளையின் வெட்டுப்பட்ட முடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கத்திரி கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுவந்திருந்தார். அலுவலர் படிவத்தை நீட்டினார்; தாய் கையெழுத்திட்டாள். மாஸ்டர் துண்டை விரித்து, சீப்பை நனைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டபோது அவள் கையை நீட்டினாள்.

"நான் வெட்டுறேன். நீங்க சொல்லுங்க."

மாஸ்டர் கத்திரியைக் கொடுத்தார். "இங்க பிடிங்க... சாய்க்காம... கொஞ்சம்... கொஞ்சம்னு சொன்னேனே!"

சரக்.

வலப்பக்கத்தைச் சரிசெய்யப் போய் இடப்பக்கம் நீளமானது. இடப்பக்கத்தைக் குறைத்தால் வலப்பக்கம் துருத்தியது. நெற்றி முடி ஓட்டுக் கூரைபோல ஒரு பக்கம் சரிந்து நின்றது. வாலு கண்ணை இறுக மூடிக்கொண்டு, காது வரை சிரித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று தாய் கேட்டாள்.

"பிரமாதம்," என்றார் மாஸ்டர்.

"பொய் சொல்லாதீங்க அண்ணே."

அதுவரை அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கத்திரியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அலுவலரிடம் திரும்பினாள். "நான் தேறி வர்ற வரைக்கும் இவ அங்கயே இருக்கட்டும் மேடம். எழுதிக்குங்க."

திங்கள்கிழமை கடைக்கு வந்த தபால்காரர் வாலுவைப் பார்த்துப் பதறிவிட்டார். "என்ன மாஸ்டர் இது! உங்க வீட்டுப் பிள்ளையே இப்படித் திரிஞ்சா கடைக்கு யாரு வருவா? இப்பதான் கையெழுத்து கிடைச்சிடுச்சாமே, சரி பண்ணிவிடுங்க."

"கைய வைக்க மாட்டேன். அவங்கம்மா வெட்டினது," என்றார் மாஸ்டர், விருது வாங்கியவர் மாதிரி.

பக்கத்து நாற்காலியில் சுழன்றுகொண்டிருந்த வாலு சொன்னாள்: "அங்கிள், எங்கம்மா அடுத்த மாசம் வருவாங்க. வேணும்னா உங்களுக்கும் வெட்டச் சொல்றேன்."

தபால்காரர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.