மலையில் வேலை பார்ப்பவரை மலைக்குக் கூட்டிப்போனேன்

போன ஜூனில் என் வீட்டுக்காரர் ஒரு மாத லீவில் மாதனூர் வந்தார். ராணுவத்தில் பதினைந்து வருடம். இப்போது வடக்கே மலையில் காவல் வேலை. இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, மோட்டார் ரிப்பேர் என்று லீவு கரைந்துகொண்டே போனது. நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. சூப்பர்வைசரிடம் கெஞ்சி இரண்டு நாள் லீவு வாங்கினேன். அந்த இரண்டு நாளாவது அவரோடு தனியாக இருக்க வேண்டும். அதுவும் போனால் அடுத்த லீவு வரைக்கும் போன்தான்.

ஏலகிரியில் ராணுவத்தினருக்குச் சலுகை விலையில் ஒரு விடுதி உண்டு. வெளியே இரண்டாயிரம் கேட்கும் அறை அங்கே நானூறு. நானே அவர் பெயரில் பதிவு செய்துவிட்டுச் சொன்னேன். மனுஷன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"மலைய பாத்துப் பாத்து பேஜாராயிதான்டி லீவுல வந்தேன். திரும்பவும் மலையா?"

அட, எனக்கு இது தோன்றவேயில்லை! ஆனாலும் விடவில்லை.

மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு பைக்கில் கிளம்பினோம். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் திரும்பினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்.

அறை சுத்தமாக இருந்தது. ஆனால் இரும்புக் கட்டில், விறைப்பாக மடித்த சாம்பல் நிறக் கம்பளி, சாப்பாட்டுக்கு மணி. "இதுக்கு கேம்ப்லயே இருந்திருக்கலாம்" என்றார். சாப்பாட்டுக் கூடத்தில் ஆண்கள் எல்லாம் ஒரே மேஜையில் சேர்ந்து, எந்த யூனிட், எங்கே போஸ்டிங் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மனைவிமார் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். படகு ஏரியிலும் இவருக்குப் புது தோஸ்த்துகளோடுதான் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

காலை ஐந்து மணிக்குத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தேன். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சாப்பாட்டு டப்பாவைத் தேடினேன். அவர் அதற்குள் ஷேவ் செய்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க இன்னா பஸ்ஸு வரப்போவுது? படுடி."

படுத்தேன். கண் விழித்தபோது மணி ஒன்பதரை. கல்யாணமானதிலிருந்து நான் அப்படித் தூங்கியதேயில்லை.

கதவைத் திறந்தால் வாசலில் நாற்காலி போட்டு அவர். பக்கத்து அறைப் பெண் சிரித்தாள். "நல்லா தூங்குனீங்களாக்கா? பெருக்க வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டாரு. என் பசங்களையும் அந்தாண்ட போயி விளையாடுங்கன்னுட்டாரு. மணி அடிக்கிறவர்கிட்டயே போயி, மெதுவா அடிங்கன்னாரு!"

நடக்கக் கூப்பிட்ட தோஸ்த்துகளோடும் அவர் போகவில்லையாம். முந்தின நாள் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள், சனி ஞாயிறு வேண்டாம். அடையாள அட்டையின் அசல் கட்டாயம் வேண்டும். உங்கள் ஆளுக்கும் மலையில்தான் வேலை என்றால், முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது விடுதி மேலாளர், அவரும் பழைய ராணுவக்காரர், "எல்லாம் திருப்தியா தம்பி?" என்று கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷமா காவல் காக்கறேன் சார். தூங்குறவங்க மூஞ்சிய இன்னிக்குத்தான் பாத்தேன்."