ஒரு காதில் கேட்ட தாளம்

கண்டியில் கொழும்பு வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் ஃபாஸிலின் தொலைபேசி திருத்தும் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் அவர் பெயர்தான். உள்ளே விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடியின் கீழ் குனிந்து வேலை பார்ப்பது அவருடைய தங்கை ஷஹ்மா. முப்பத்தொரு வயது. ஏழு வயதில் வந்த காய்ச்சலில் வலது காது முற்றாகப் போய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. ஆட்கள் வந்து நிற்கும் பக்கம் இடது காது இருக்கும்படி கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், அதோடு சரி.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற வருஷத்தில்தான் அந்த விளையாட்டு ஊரெல்லாம் பரவியது. பாட்டு ஓடும். திரையின் மேலிருந்து கட்டங்கள் இறங்கி வரும். தாளத்தோடு அவை கீழ்க்கோட்டைத் தொடும் கணத்தில் விரலால் தட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி குறையும். வரிசையில் கிடந்த த்ரீவீல்காரர்கள் தட்டினார்கள். மின்வெட்டில் படிக்க முடியாத பிள்ளைகள் தட்டினார்கள். வரிசை ஒழிந்தது, மின்சாரமும் வந்தது, தட்டுவது மட்டும் நிற்கவில்லை. தமிழ்ப் பாட்டு, சிங்களப் பாட்டு, கொரியப் பாட்டு என்று புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தன. திரைமேல் ஒட்டிய கண்ணாடி கீழ்ப்பக்கம் மட்டும் கீறியிருந்தால், ஆள் எதற்குத் தொலைபேசி வைத்திருக்கிறார் என்று ஷஹ்மாவுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் பிரேமிளா வந்தார். நாவலப்பிட்டியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவர். போன வாரம்தான் இதே கடையில் திரை மாற்றியிருந்தார்.

“தங்கச்சி, புதுசு போட்டதிலிருந்து நான் சரியாத் தட்டுனாலும் பிழைன்னு காட்டுது.”

ஃபாஸில் வாங்கி நாலு இடத்தில் தொட்டுப் பார்த்தார். “டச் நல்லாத்தானே ஈக்கி மிஸ். இன்னும் கொஞ்சம் கை பழகணும்.”

“நாலு வருஷமா ரயில்ல பழகுன கைங்க இது,” என்றார் பிரேமிளா.

ஷஹ்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. “ஒரு நாளைக்கி வெச்சிட்டுப் போங்க, பாக்குறேன்,” என்றாள்.

மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரம், இன்னொரு தொலைபேசியை மேலே நிறுத்தி, தான் தட்டுவதை மெதுவேகத்தில் படம்பிடித்தாள். விரல் திரையில் படும் படத்திலிருந்து கட்டம் ஒளிரும் படம்வரை ஒன்றொன்றாக எண்ணினாள். கம்பெனியின் அசல் திரையுள்ள தொலைபேசியில் எப்போது எண்ணினாலும் பதினான்கு படம். மலிவான நகல் திரை போட்ட பிரேமிளாவினுடையதில் ஒருமுறை பதினாறு, அடுத்தமுறை இருபத்தைந்து, பிறகு பதினெட்டு. கண்ணை மூடித் திறப்பதைவிடக் குறைந்த நேரம்தான். ஆனால் விளையாடுகிறவருக்கு அதுதான் எல்லாம்.

“நானா, இந்தக் கொப்பி டிஸ்ப்ளே பிந்துது,” என்று அண்ணனிடம் காட்டினாள். “எப்பவும் ஒரே அளவுல பிந்தினா விளையாட்டுக்குள்ளயே சரிபண்ணிக்கலாம். இது ஒருக்கா பிந்துது, ஒருக்கா பிந்துறல்ல.”

“ஃபோன்ல கோல் எடுக்குற மனுஷனுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?”

“கோல் எடுக்குறவங்களுக்குப் போடுங்க. இவங்களுக்கு வாணாம்.”

“பெட்டி நெறைய வாங்கி வெச்சீக்கி. அத நான் என்ன செய்ற?”

மறுநாள் பிரேமிளா வந்ததும் ஷஹ்மா அண்ணன் முன்னாலேயே உள்ளதைச் சொன்னாள். உள்ளே மின்சுற்றுப் பலகை எரிந்துபோன அதே மாதிரித் தொலைபேசி ஒன்றிலிருந்து கம்பெனித் திரையைக் கழற்றி மாட்டிக் கொடுத்தாள். ஃபாஸில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. குண்டசாலையில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்கூட வேறு இருக்கையில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் கம்பளையிலிருந்து இரண்டு பேர் வந்து, “டைமிங் பாக்குற மிஸ் யாரு?” என்று கேட்டபோதுதான் அவர் வாய் திறந்தார். “அந்தா, அவதான்.”

திரையைச் சோதிக்கவென்று தொடங்கிய விளையாட்டு ஷஹ்மாவையும் பிடித்துக்கொண்டது. முதலில் கண்ணை நம்பித்தான் விளையாடினாள். ஹெட்போன் போட்டால் சில பாட்டுகளில் கட்டம் வரும், அதற்குரிய சத்தம் வராது. பாட்டின் ஒரு பகுதியை வலது காதுக்கும் மற்றதை இடது காதுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. தொலைபேசிக்குள் தேடியபோது, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து தரும் ‘மோனோ’ அகப்பட்டது. ஊருக்கெல்லாம் தொலைபேசி திருத்துகிறவள், தனக்கு வேண்டிய அந்த ஒன்றை அதுவரை தேடவே இல்லை. அதை அமுக்கிவிட்டு, வருஷக்கணக்காக ஹெட்போனில் கேட்டுவந்த ஒரு பாட்டைப் போட்டாள். அதற்குள் ஒரு மத்தளம் இருந்தது. பாட்டை மூன்றுமுறை கேட்டாள். வந்தவர்களை ஃபாஸில் கவனித்துக்கொண்டார்.

அடுத்த மாதம், கட்டுகஸ்தோட்டையில் கணினி வகுப்பு நடத்தும் அரூஸ் என்பவர் நகரத்தில் ஒரு மண்டபம் எடுத்துப் போட்டி வைத்தார். அறுபத்துநாலு பேர். பிரேமிளா தன் பெயரோடு ஷஹ்மாவின் பெயரையும் கொடுத்துவிட்டார். பிரேமிளா முதல் சுற்றிலேயே தோற்றார். ஷஹ்மா இரண்டு சுற்றுத் தாண்டினாள். மூன்றாம் சுற்றில் எதிரே உட்கார்ந்தவன் பஹீம், பேராதனைப் பல்கலைக்கழக மாணவன். அந்தச் சுற்றில் நடுப்பாட்டில் கட்டங்கள் மறைந்துவிடும், காதால் கேட்டுத்தான் தட்ட வேண்டும் என்று அப்போதுதான் அறிவித்தார்கள். தொலைபேசியும் ஹெட்போனும் போட்டி நடத்துகிறவர்களுடையவை.

ஷஹ்மா கை தூக்கினாள். “சேர், எனக்கி மோனோவுல போட்டுத் தர ஏலுமா?”

“எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான். ஒங்களுக்கு மட்டும் மாத்தினா மத்தவங்க பிழை சொல்லுவாங்க,” என்றார் அரூஸ்.

அவள் எழுந்து நின்றாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “எனக்கி வலது காது கேக்குறல்ல.”

அரூஸ் பஹீமைப் பார்த்தார். “மாத்துங்க சேர்,” என்றான் அவன். “அவங்க பாதிப் பாட்டோட விளையாடினா, நான் யாரோட போட்டி போட்டதா ஈக்கும்?”

மாற்றினார்கள். கட்டங்கள் மறைந்த இடத்தில் ஷஹ்மா கண்ணை மூடிக்கொண்டாள். பதினொரு புள்ளி வித்தியாசத்தில் வென்றாள். அதற்கடுத்த சுற்றில், தெல்தோட்டையிலிருந்து தகப்பனோடு வந்திருந்த பதினாறு வயது பாலாம்பிகையிடம் தோற்றாள். கிட்டத்தில்கூட வர முடியவில்லை. அந்தப் பிள்ளைதான் கடைசியில் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனது.

ஃபாஸில் கடையைப் பூட்டிவிட்டுப் பிந்தித்தான் வந்திருந்தார். எல்லாவற்றையும் பின்னால் நின்றே பார்த்தார். திரும்பும் பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “அத்தன பேருக்கு முன்னால சொன்னியே, ஒனக்கு ஒருமாதிரி ஈக்கல்லியா?”

“ஈந்திச்சி. கொஞ்ச நேரம்.”

அடுத்த வாரம் முதல் ஃபாஸில் கடையில் இரண்டு வகைத் திரையையும் மேசையில் வைத்து, எது எப்படி என்று சொல்லியே விற்கிறார். அரூஸ் அடுத்த போட்டிக்கு அடித்த படிவத்தில், கேட்பதிலோ பார்ப்பதிலோ மாற்றம் தேவையா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஷஹ்மா அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டாள். தோற்ற பாட்டைத்தான் இப்போது பழகுகிறாள். இரண்டாவது சரணத்தில் இன்னும் நாலு கட்டம் தவறுகிறது.