நூற்றுப் பன்னிரண்டாம் எண்

உக்கடம் ஏரிக்கரையைக் கூட்டுகிறவர் நஞ்சம்மாக்கா. ஆறு மாதத்துக்கு முன் துப்புரவு வேலை செய்கிற எங்கள் எல்லோர் கையிலும் கடிகாரம் கட்டினார்கள். நாங்கள் நிற்கிற இடமெல்லாம் பிளாக்செயின் என்கிற கணினிப் பதிவேட்டில் பதிவாகுமாம். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பதிந்ததை யாராலும் மாற்ற முடியாது என்றார்கள். கையை நீட்டினோம்.

அக்காவுக்குக் கருப்பையில் கட்டி, அடிக்கடி ரத்தம் போகும். தெரிந்தால் ஒப்பந்தக்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் லோகு எல்லோர் முன்பும் போனைப் பார்த்து வாசித்தார். "நூத்திப் பன்னண்டு. ஏரிக்கரை பாத்ரூம்ல தெனமும் நாலு தடவ. ஒவ்வொரு தடவயும் இருவது நிமிசம்."

எல்லோரும் திரும்பினார்கள். ஏரிக்கரைக்கு இருப்பது ஒரே ஆள்தான்.

"பேரே இல்லீங்களே, அப்பறம் எதுக்குங்க எல்லாரும் நஞ்சக்காவப் பாக்கறீங்க?" என்று குப்பை லாரி ஓட்டும் ஆறுச்சாமி சிரித்தார்.

லோகுவுக்கு முகம் சுருங்கியது. அக்காவின் அருகில் வந்தார். "அழிக்க முடியாதுங்க அக்கா. மேல கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"வயித்துல கட்டின்னு சொல்லிப்போடுங்க," என்றார் அக்கா. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமையிலிருந்து ஏரிக்கரையையும் என்னைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டுகிறேன்.