நானூறு மீட்டருக்கு எத்தனை விநாடி

ஜூன் 12, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இராமநாதபுரத்தில் ஏழு நாற்பது பேருந்தைப் பிடித்து, வழக்கம்போலத் திருவாடானை அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். பையில் என் மகளின் உடற்கல்விப் பட்டப்படிப்பு விண்ணப்பம் இருந்தது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள்தான் கடைசி நாள்.

அந்தப் பேருந்தில் தனியார் பள்ளி விளையாட்டு ஆசிரியை ஒருவர் தினமும் வருவார். பெயர் தெரியாது. வெயிலில் கறுத்த முகம், வெள்ளைக் கேன்வாஸ் காலணி. இடம் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி உயர்த்தி இறக்குவார். அன்று கேட்டுவிட்டேன்.

“டீச்சர், உங்க உடற்கல்விப் படிப்புக்கு என்ன சம்பளம் வரும்?”

“அரசு வேலைன்னா நல்ல சம்பளம். அதுக்குப் பன்னெண்டு வருசமாக் காத்திருக்கேன். எங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வாங்குறதுல பாதிதான். மிச்சத்துக்குச் சாயங்காலம் கோச்சிங். யாருக்குக் கேக்குறீக?”

“என் மகளுக்கு. நல்லா ஓடுவா.”

“நானூறு மீட்டர் எத்தன செகண்டு?”

பால் கணக்கிலிருந்து மழையளவு வரை எழுதிவைக்கிறவன் நான். இது தெரியவில்லை.

“வேகமா ஓடுற பிள்ளைக்கு ரயில்வே, போலீசுன்னு வேற வழியும் இருக்கு. செகண்டு தெரியாம என்னத்த சார் சம்பளத்தக் கேக்குறீக?” என்றவர் மறுபடி குதிகால்களை உயர்த்தத் தொடங்கினார்.

அன்று எந்தக் கோப்பிலும் மனம் நிற்கவில்லை. அவர் சேர்க்கச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக, கடிகாரம், விண்ணப்பம், பேனா மூன்றையும் எடுத்துக்கொண்டு மகளோடு மைதானத்துக்குப் போனேன்.