இரண்டு ஊரில் ஓர் உடல்

என் எழுத்து மேலும் கீழுமாகப் போகும். நம் கோவில் பங்கு மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில் எழுதப் பழகியவன் நான். ஒரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் நாலு பேர் படிக்கும்படி முதன்முதலாக எழுதுவது, எனக்கு எழுத்துக் கொடுத்தவரின் சாவைப் பற்றியாகவா இருக்க வேண்டும்?

சென்ற வெள்ளிக்கிழமை தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பாதி வேலையில் திரும்பிய என் மூத்த மருமகள், "மாமா, உபதேசியார் போயிட்டாவ" என்றாள். நம் கோவிலில் ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்த அந்தோணிமுத்து உபதேசியாரைத்தான் சொன்னாள். காலில் கிடந்த செருப்பையே நான் வீடெல்லாம் தேடினேன்.

கோவிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்கும் முன் மாப்பிள்ளையும் பெண்ணும் அவரிடம் போய் உட்கார்ந்தாக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஓர் உடல் என்பதைப் பெரிய வார்த்தை எதுவும் இல்லாமல் சொல்வார். "ஏலே, கை சுட்டா வாய் தானா ஊதும். ஊதுன்னு யாராச்சும் சொல்லணுமா? அதுதான் கல்யாணம்." ஒரு பெண் துணிந்து, "அவிய வாய் ஊதாட்டா?" என்று கேட்டுவிட்டாள். "ஏட்டி, எங்கிட்ட வந்து சொல்லு. அவனை நான் ஊதுதேன்" என்றார்.

என் மனைவி மரியம்மாள் ஒருமுறை கோபித்துக்கொண்டு கடம்பூருக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வரும்போது வரட்டும் என்று நான் வீம்பாக இருந்தேன். உபதேசியார் சைக்கிளில் வந்து, இறங்காமலே கேட்டார்: "அண்ணாச்சி, உங்க வலது கால் கடம்பூருக்குப் போயிருந்தா, வாரப்ப வரட்டும்னா இருப்பீய?" அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். கடம்பூரில் இறங்கிப் போளி வாங்கிப் போனேன். கடம்பூர்க்காரிக்கே கடம்பூர்ப் போளியா என்று மரியம்மாள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலும் பாகம் பிரித்தார்கள். பருத்திக்காட்டை இரண்டாக்கிய மகன்கள், பெற்றோரையும் இரண்டாக்கினார்கள். நம் பக்கத்தில் இது புதிதல்ல. இளையவனும் அவன் மனைவியும் திருப்பூரில் வேலைக்குப் போகிறவர்கள். "அம்மா பிள்ளையப் பாத்துக்கிடட்டும். அப்பா அண்ணன்கிட்ட இருக்கட்டும்" என்றான். நானும் அங்கே இருந்தேன். உபதேசியாரின் மனைவி சவரியம்மாள் புருஷன் முகத்தையே பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள். அவர் தரையைப் பார்த்தார்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று பிறகு ஒருநாள் நான் கேட்டுவிட்டேன். "கடவுள் சேர்த்து வச்சத மனுசன் பிரிக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன் அண்ணாச்சி. பெத்த பிள்ளையே பிரிச்சா என்ன செய்ய? அவனுக்கும் கஷ்டம். நான் யாரோட சண்ட போட?" என்றார்.

அந்தத் தனிமையில்தான் என்னைக் கூப்பிட்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பாடத்தின் நடுவே, "சவரி, தண்ணி கொண்டா" என்பார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானே எழுந்து போவார். அந்த நேரத்தில் நான் தலை நிமிராமல் எழுதுவேன்.

சனிக்கிழமை அடக்கம். திருப்பூரிலிருந்து வந்த பஸ் வழியில் பழுதாகி, சவரியம்மாள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பெட்டியைக் குழியில் இறக்கி ஆளுக்கு ஒரு பிடி மண்ணும் போட்டுவிட்டோம். "ஒரு தடவ தெறங்கய்யா. மொகத்தப் பாக்கேன்" என்றாள். யாரும் குழிக்குள் இறங்கவில்லை. மகன் அவளிடம் மண்ணை நீட்டினான். அவள் வாங்கவில்லை. "என்னைய நானே எப்படிலே பொதைப்பேன்?" என்று கேட்டாள். ஓர் உடல் என்ற அந்தப் பாடத்தை முழுதாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். திங்கட்கிழமையே இளைய மகன் அவளைத் திரும்பக் கூட்டிப்போய்விட்டான். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையாம்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்த எழுத்து. வேறொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. நேற்று என் இளைய மகன் வந்தான். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். "அம்மா எங்கூட தூத்துக்குடிக்கு வரட்டும். நீங்க அண்ணனோட இங்கனயே இருங்க" என்றான். மரியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் கிளம்புகிறாள். அடுத்த வாரம் எழுதுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சின்ன மருமகள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். மருமகள் வாயால் அவள் கேட்கும்படி நான் என்னத்தை எழுதுவது?